பக்கத்துக்கு ஒன்பது அங்குலம்

அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவள் அவள். ஆடைத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போடும் வேலை. காகிதத்தில் ஒரு கை அரை அங்குலம் குறைந்தால் நாலாயிரம் சட்டைகளின் கையும் அரை அங்குலம் குறைந்துவிடும். அந்தப் பயம் வேலை முடிந்த பிறகும் அவளை விட்டு இறங்குவதில்லை. கழுத்தில் அளவு டேப்பாகத் தொங்கிக்கொண்டே வீட்டுக்கு வரும்.

அதனால் வியாழக்கிழமை காலை, குடியிருப்பின் அடித்தளத்தில், கார் நுழையும் வாசலில் தொங்கிய மஞ்சள் கறுப்பு உயரத் தடைக் கம்பியை அவள் ஸ்டூல் போட்டு ஏறி அளந்தபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

"ஆறடி ஒன்பது."

"கம்பியிலேயே எழுதியிருக்கே," என்றார் கணவர். "எழுதினவனை விட நீ பெரிய ஆளா?"

"எழுதினவன் அளந்துதான் எழுதினான்னு யாரு கண்டா?"

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் சிரித்தாள். "எறங்கும்மா. கேரியர் கடைக்காரர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார். நீ அப்புறம் ரோட்டையும் அளக்க ஆரம்பிச்சுடுவே."

மகளுக்குப் பதினேழு வயது. ஏழு வயதில் ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கிய பார்வை, பதிமூன்றில் முழுதாக அணைந்துபோயிற்று. அதற்கு அடுத்த வருடம் எங்கிருந்தோ ஓர் இரட்டைச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார் அப்பா. முன்னும் பின்னுமாக இருவர் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள். முன்சீட்டும் ஹேண்டிலும் பிரேக்கும் அவருடையவை. பின்சீட் மகளுடையது. அவர் அவளை 'இன்ஜின்' என்பார். அவள் அவரை 'டிரைவர்' என்பாள். அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் அம்மாவுக்கு இடம் இல்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத் தொலைவில் பந்தயம். பார்வை இல்லாதவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும் பந்தயம். முதல் நான்கு ஜோடிகளுக்குப் பயிற்சி முகாமில் இடம். வழக்கமாகப் பந்தயம் நடத்தும் சங்கத்தின் வேன் எல்லா சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். இந்த முறை வேன் இல்லை, அவரவர் வண்டியை அவரவர் கொண்டுவரவும் என்று போன வாரம் கடிதம் வந்ததிலிருந்து, சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே கிடையாது. எட்டடி நீளச் சைக்கிள். ஐந்தரை அடி அகலக் கார். மேலே வைப்பதா, பின்னால் வைப்பதா?

மேஜையில் இன்னொன்றும் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சரக்குக் கிடங்கில் இருபது வருடம் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கணவரை, மூன்று வாரத்துக்கு முன் வண்டியிலிருந்து இறக்கிச் சீட்டு எழுதும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அடுக்கின் ஓரத்தில் இடித்து இரண்டு வரிசைப் பெட்டிகளைச் சரித்துவிட்டாராம். "புது சூப்பர்வைசருக்கு என்னைக் கண்டாலே ஆகலை," என்றார். அவள் நம்பினாள். முகம் தெரியாத அந்த சூப்பர்வைசரை மூன்று வாரமாக மனதுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டும் இருந்தாள்.

இன்று காலைகூட அவர் கை பட்டுத் தண்ணீர் டம்ளர் உருண்டது. "இங்க யாரு வெச்சது?" என்றார். தினமும் இருக்கிற இடத்தில்தான் அது இருந்தது.

*

கார்களில் சைக்கிள் கேரியர் மாட்டித் தரும் கடை. கடை என்றால் பெரிய கூடம். சுவர் முழுக்கக் கம்பிகள், கொக்கிகள், பட்டைகள். பின்பக்கம் சிமென்ட் போட்ட முற்றம். கேரியர்க்காரருக்கு அறுபது வயது இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார். அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளை இரண்டு முறை படித்தார்.

"காரோட நீளம், அகலம், உயரம், டிக்கி கதவு திறக்கிற உயரம், சைக்கிள் முழுசா, முன்சக்கரம் கழட்டி... என்னம்மா, என் வேலைக்கு வேட்டு வெச்சுட்டீங்களே."

"தையலுக்குக் கூடுதலா விடுறதை மட்டும் அதுல சேர்க்கலை," என்றாள் மகள். "கேட்டா அதையும் போட்டுக் குடுப்பாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு காரைச் சுற்றி வந்து, பின்னால் குனிந்து பார்த்து, முட்டியில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதுல யோசிக்க ஒண்ணுமே இல்லை சார். பின்னாடி இழுவைக் கொக்கி ஏற்கெனவே இருக்கு."

"பழைய ஓனர் மாட்டினது," என்றார் கணவர்.

"யாரு மாட்டினா என்ன, நமக்கு நல்லதாப் போச்சு. அதுமேல ஒரு கேரியர். சைக்கிளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாப் போதும். குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி போட்டு பெல்ட்டை இழுத்துக் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். பதினைஞ்சு நிமிஷ வேலை."

அவளும் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தாள். தாளில் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"மேலயே மாட்டிடுங்க," என்றார் கணவர்.

"மேலயா?"

"கார் கூரைல."

கேரியர்க்காரர் அவளைப் பார்த்தார். அவள் கணவரைப் பார்த்தாள். வீட்டில் திரைச்சீலையிலிருந்து இந்தக் காரின் நிறம் வரை எல்லாவற்றையும் 'உன் இஷ்டம்' என்று விட்டுவிடுகிற மனிதர்.

"ஏங்க, மேல வெச்சா தரையிலேருந்து எட்டரை அடி வருது. நம்ம வாசல் கம்பி ஆறடி ஒன்பது."

"வாசல்லயே எறக்கிடலாம்."

"இருபது கிலோ வண்டியைத் தலைக்கு மேல தூக்கணும். நீங்க ஒரு பக்கம் தூக்குவீங்க, இன்னொரு பக்கம் யாரு? நான் ஸ்டூல் போட்டு ஏறவா?"

"நீதான் எதுக்கெடுத்தாலும் ஸ்டூல் போடுறியே."

மகள் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"பின்னாடி வெச்சா டிக்கியைத் திறக்க முடியாது," என்றார் அவர். "ஹெல்மெட், ஷூ, பம்ப்பு, டூல் பெட்டி, ரெண்டு உபரிச் சக்கரம், எல்லாம் உள்ள இருக்கும். வழியில ஒண்ணு வேணும்னா?"

கேரியர்க்காரர் சுவரோரம் நின்ற ஒரு கேரியரின் அடியில் காலால் மிதித்தார். அது அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்து கொடுத்தது. "சைக்கிளோட சேர்ந்து சாயும் சார். டிக்கி தாராளமாத் திறக்கும்."

"நம்பர் பிளேட் மறைஞ்சுடும்."

"அதுக்கு இதுலயே தனிப் பலகை. லைட்டோட."

"புகை நேரா டயர்ல அடிக்கும்."

"டயர் இருமாது சார்."

மகள் அந்தக் கேரியரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கம்பிகள், நடுவில் பிடிக்கும் கை, பட்டை, பூட்டு. "நல்லாத்தான் இருக்கு டிரைவர். கெட்டியா இருக்கு," என்றாள். குரலில் ஏதோ ஜாக்கிரதை. அம்மா அதைக் கவனித்தாள். என்னவென்று யோசிக்க நேரமில்லை.

"பக்கத்துல நீட்டிக்கிட்டு நிக்கும்," என்றார் அவர் கடைசியாக.

"முன்சக்கரத்தைக் கழட்டிட்டா பக்கத்துக்கு ஒன்பது அங்குலம்," என்றாள் அவள். "சைடு கண்ணாடியைத் தாண்டினா அதுலயும் பாதிதான். நாலரை. இந்தாங்க, இவ்வளவு." விரலை விரித்துக் காட்டினாள்.

அவர் அந்த விரல்களைப் பார்த்தார். தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குச் சரிவராது."

"ஒரு சுத்து ஓட்டித்தான் பாருங்களேன் சார்," என்றார் கேரியர்க்காரர். "மாட்டித் தர்றேன். முற்றத்தைச் சுத்தி வாங்க. அப்புறமும் வேணாம்னா கழட்டிட்டுப் போறேன்."

*

சைக்கிளை வீட்டிலிருந்து இங்கே உருட்டிக்கொண்டே வந்திருந்தார்கள் அப்பாவும் மகளும், ஓட்டிக்கொண்டு வரவில்லை. அது ஏன் என்று அவள் அப்போது கேட்கவில்லை. பிறகு பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய் காரை எடுத்து வந்தார் அவர். அரை மணி நேர வேலையை ஒன்றரை மணி நேரமாக்கிய ஏற்பாடு.

கேரியரில் சைக்கிள் ஏறியது. முன்சக்கரத்தைத் தாங்கும் வெறும் கவை ஒரு பக்கம் நீண்டது, பின்சக்கரத்தின் வளைவு மறுபக்கம். அவர் காருக்குள் உட்கார்ந்தார். மகளைக் கூடத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவள் முற்றத்தின் வளைவில் போய் நின்றாள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தண்ணீர் டிரம். நடுவில் ஒன்பது அடி. கார் திரும்பும்போது நெருக்கினால் சொல்லலாம் என்று.

கார் மெதுவாக வந்தது. நடக்கிற வேகம்தான். சுவரிலிருந்து விலகிப் போகிறேன் என்று நினைத்தோ என்னவோ, அவர் அவள் நின்ற பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வந்தார்.

அவள் கையைத் தூக்கினாள். அசைத்தாள்.

அவர் சுவரின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. முகத்தில் சின்னப் புன்னகை, இதோ ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்பது போல.

அவள் இரண்டு கையையும் தூக்கி அசைத்தாள். கார் இன்னும் வந்தது. கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டு முழத் தூரத்தில் நிற்கிற மனைவியை எதற்குக் கூப்பிட வேண்டும்? அவர் ஜன்னல் அவளைக் கடந்தது. எட்டினால் அவர் காதைத் தொட்டிருப்பாள். அவர் திரும்பவில்லை. அவள் வயிற்றை எக்கிக்கொண்டு டிரம்மோடு ஒட்டிக்கொண்டாள். சைக்கிளின் கவை வந்தது. அவள் கழுத்தில் தொங்கிய டேப்பின் நுனியைத் தட்டிவிட்டுப் போனது.

முதலில் வந்தது கோபம். வேண்டுமென்றே செய்கிறார். மேலே மாட்டச் சம்மதிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கார் நின்றது. அவர் இறங்கி வந்தார். முற்றத்தைத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி ஒரு முறை துழாவினார். பார்வை அவள் மேல் வந்து நின்றதும் சிரித்தார்.

"நீ எங்க போனே? உள்ள போயிட்டியோன்னு நெனைச்சேன்."

 அவர் தலை திரும்பிய விதம். எதையோ தேடுகிறபோது கண்ணை விட்டுவிட்டு முகத்தையே திருப்புகிற அந்த விதம். அதை அவள் தன் வீட்டில், இதற்கு முன் ஒரு முறை பார்த்திருக்கிறாள். ஒரு ஏழு வயதுக் குழந்தையிடம்.

*

கேரியர்க்காரர் டீ கொண்டுவரச் சொன்னார். பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய விளம்பரப் படம். மலைப்பாதை, கார், மேலே நான்கு சைக்கிள். கணவர் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தபடி பேசினார்.

"பாரு, எல்லாரும் மேலதான் வெக்கிறாங்க."

அவள் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலை அவர் காதுக்கு நேராக, ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். மகளைப் பார்த்த கண் டாக்டர் அப்படித்தான் செய்வார். 'நேரா என் மூக்கைப் பாரு கண்ணு. விரல் தெரிஞ்சதும் சொல்லு.' அப்போது அவள் மூலையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சியிருக்கிறாள்.

விரலை மெல்ல முன்னால் நகர்த்தினாள். காதைத் தாண்டியது. கன்ன எலும்பைத் தாண்டியது. அவர் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கண்ணின் ஓரம் வந்தது. அங்கே எவருக்கும் தெரியும். அவள் நிறுத்தினாள். சொல்லிவிடு. அவர் சொல்லவில்லை. இன்னும் நகர்த்தினாள். புருவத்தின் நடுவுக்கு வந்தபோதுதான் அவர் தலையைப் பின்னால் இழுத்தார்.

"என்ன, கொசுவா?"

"ஆமா," என்றாள். "கொசு."

டீயைக் குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

பத்து வருடத்துக்கு முன், இது பரம்பரையாக வருவது என்று டாக்டர் சொன்ன நாள். 'குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?' ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாத்தனார் சட்டென்று சொன்னாள், "அண்ணிக்கு ஒரு தாய்மாமா இருந்தாரே. சாயங்காலமானா கதவுல, சுவர்ல எல்லாம் முட்டிக்குவாரே." எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் அம்மா பக்கத்தில் நின்று அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். சொல்லாதே என்று.

மாமா குடித்துவிட்டுத்தான் முட்டிக்கொண்டார். பகலில் ஊசியில் நூல் கோக்கும் கண் அவருக்கு.

ஆனால் கூடப்பிறந்தவன் குடிகாரன் என்பதைச் சம்பந்தி வீட்டார் முன்னால் அவள் அம்மாவால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதைவிடக் கண் தெரியாதவன் என்றால் கௌரவம். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் மகளின் இருட்டு அவள் பக்கத்துச் சொத்தாகப் பதிவாகிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பக் கூட்டத்திலும் யாராவது குரலைத் தாழ்த்துவார்கள். 'அவங்க பக்கத்துல இருந்துச்சாம்.' கணவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒரு நாளும் மறுத்ததுமில்லை. போகப்போக அவளே பாதி நம்பிவிட்டாள். மகள் தடுமாறும்போதெல்லாம், இது நான் கொடுத்தது என்று தனக்குத் தானே சொல்லிப் பழகிவிட்டாள்.

இப்போது, இந்த பெஞ்சில், புருவத்துக்கு நேரே வந்து நின்ற ஒரு விரலின் பின்னால், முதலில் எழுந்தது பயம் இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு. நான் இல்லை. என் பக்கத்திலிருந்து வரவில்லை.

அந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் அவளுக்கு உடம்பு கூசியது. தன் புருஷன் கண் போகிற செய்தியில் தனக்கு ஒரு நிம்மதி. இப்படி ஒரு பெண்ணா நான்?

பிறகுதான் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அறுபது சைக்கிள். முன்சீட்டில் இவர். பின்சீட்டில் குழந்தை. அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் நெடுஞ்சாலை. அதற்கும் முன்னால், இதோ இப்போதே, இங்கிருந்து வீடு.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள் என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். எனக்கெதற்கு, நீங்கள் இருக்கும்போது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

கேரியர்க்காரர் வந்தார். "என்ன முடிவு பண்ணினீங்க? பின்னாடி இருக்கறதையே பூட்டிக் குடுத்துடவா? இப்பவே ஓட்டிட்டுப் போயிடலாம்."

"மேல மாட்டுறதுன்னா எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள் அவள்.

"இந்தக் காருக்கு அளவான குறுக்குக் கம்பி இங்க இல்லைம்மா. இன்னொரு கடையிலேருந்து வரணும். சனிக்கிழமை ஆயிடும். காரையும் விட்டுட்டுப் போகணும்."

சனிக்கிழமை. இரண்டு நாள்.

அவள் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். சுருட்டினாள். பையில் போட்டாள்.

"மேலயே மாட்டிடுங்க. காரும் சைக்கிளும் இங்கேயே இருக்கட்டும்."

"வாசல் கம்பி ஆறடி ஒன்பதுன்னு நீங்கதானேம்மா..."

"வாசல்லயே எறக்கிக்கறோம்."

மேஜை மேல் இருந்த சாவியை எடுத்து அவளே கேரியர்க்காரரிடம் நீட்டினாள்.  

கணவர் ஜெயித்த முகத்தோடு எழுந்து நின்றார். ஆனால் சிரிக்கவில்லை.

*

பஸ்ஸில் அவர் முன்னால் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தார். அம்மாவும் மகளும் நான்கு வரிசை தள்ளி. மதியம் தாண்டிய நேரம், பஸ் பாதி காலி. மகள் மடித்த வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் காதருகில் வந்தாள்.

"எதுக்கும்மா மேல வைக்கலாம்னு சொன்னே?"

"அப்பாவுக்கு அதுதானே பிடிச்சிருந்துச்சு."

"பொய். நீ டேப்பைச் சுருட்டின சத்தம் கேட்டுச்சு. ஒரு விஷயம் முடியாம நீ அதைச் சுருட்டவே மாட்ட."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு தையல் கடை, ஒரு பழக்கடை, பள்ளியின் நீளச் சுவர்.

"தெரிஞ்சுடுச்சா?" என்றாள் மகள், இன்னும் மெதுவாக.

அவள் சட்டென்று திரும்பினாள். "உனக்கு எப்படி..."

"அவர் முதுகுக்குப் பின்னாடிதானேம்மா நான் உக்கார்றேன். போன வருஷக் கடைசியிலேருந்து அவர் திரும்புறதுக்கு முன்னாடி தலையைத் திருப்புறார். தலை திரும்பினா தோள் அசையும். தோள் அசைஞ்சா வண்டி அசையும். முன்னெல்லாம் அசையாது. நானும் சின்ன வயசுல அப்படித்தானே திருப்புவேன்? நீதான் 'ஏன்டி கோழி மாதிரி பாக்குறே'ன்னு கேப்பே."

கேட்டிருக்கிறாள். அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப இத்தனை நாளா எப்படிடி ஓட்டுறீங்க?"

"பக்கத்துல வண்டி வந்தா எனக்குச் சத்தம் கேக்கும்ல. இடது பக்கம் வந்தா இடது பெடலை லேசா ஒரு அமுத்து அமுத்துவேன். வலதுன்னா வலது. செயின் ஒண்ணுதானே, அவர் காலுக்குத் தெரியும்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்லை. ஒரு மாசமா ரோட்டுல ஓட்டுறதும் இல்லை. மைதானத்துல மட்டும்தான்."

இரண்டு பேர், ஒரே சைக்கிள், எட்டடி நீளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு பெரிய விஷயத்தைப் பேசாமல் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் இங்கே வாசல் கம்பியை அளந்துகொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வேற யாரையாவது முன்னாடி உக்கார வைக்கலாம். சங்கத்துல கேட்டா..."

"வேணாம்."

"அறுபது வண்டி ஓடும்டி."

"ரோட்டை மூடியிருப்பாங்க. எதிர்ல யாரும் வர மாட்டாங்க. அவருக்கு நேரா தெரியுது, அது போதும். பக்கத்துக்கு நான் இருக்கேன்."

"அறுபது வண்டியும் ஒரே நேரத்துல பக்கத்துல வந்தா, எது எந்தப் பக்கம்னு கேக்குமா உனக்கு?"

மகள் கோலின் கைப்பிடிக் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"கிடங்குலயும் வண்டியிலேருந்து எறக்கிட்டாங்கம்மா. இதுலேருந்தும் எறக்கினா அவர் எங்க உக்காருவார்?" என்றாள் பிறகு. "அவர்கிட்ட சொல்லிடாதே. நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். இந்த ஒண்ணு முடியட்டும். சத்தியமா, இந்த ஒண்ணு மட்டும்."

அவள் நான்கு வரிசைக்கு முன்னால் இருந்த பின்னந்தலையைப் பார்த்தாள். உச்சியில் முடி உதிர்ந்த வட்டம். அது நேராக, கொஞ்சமும் அசையாமல், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

*

நிறுத்தத்தில் இறங்கினார்கள். மகள் கோலை விரித்துத் தட்டிக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தாள். இந்த நடைபாதை அவளுக்கு மனப்பாடம். பின்னால் கணவனும் மனைவியும். வெயில் நன்றாக இருந்தது. நிழல்கூட விழாத நடைபாதை. அவர் அதன் நடுவிலேயே, கோடு போட்டது போல நடந்தார்.

"ஒண்ணு கேக்கவா?" என்றார்.

"கேளுங்க."

"இத்தனை வருஷத்துல நான் சொன்ன எதுக்காவது நீ இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொல்லியிருக்கியா?"

"ஏன், சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்." கொஞ்ச தூரம் நடந்தார். "அங்க கடைல... அது கொசு இல்லதானே?"

அவள் நின்றுவிட்டாள். அவரும் நின்றார். முகத்தை முழுதாகத் திருப்பி அவளைப் பார்த்தார். பார்வைக்குள் அவள் முகம் மட்டும் இருக்கும், அதைச் சுற்றி ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

சொல்லிவிடலாம். இப்போது சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. வண்டியைத் தொடாதீர்கள் என்பதா, இது என் பக்கத்திலிருந்து வந்ததில்லை என்று உங்கள் தங்கைக்கு முதலில் போன் போடுங்கள் என்பதா, எது முன்னால் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. 

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். கேரியர்க்காரரின் பெரிய குரல் வெளியே வரை கேட்டது.

"சார், உங்களுக்கு அதிர்ஷ்டம்! குறுக்குக் கம்பி இங்கேயே பழைய சரக்குல கிடந்துச்சு. அளவு கச்சிதம். இன்னிக்கே மாட்டிடறேன். காலையில எட்டு மணிக்கு நானே ஓட்டிட்டு வந்து வீட்ல விட்டுடறேன். சைக்கிளை மேலேயே ஏத்திக் கட்டி எடுத்துட்டு வர்றேன், எப்படிக் கட்டுறதுன்னு நீங்களும் பார்த்துக்கலாம்."

"சரிங்க," என்றார் அவர். "சந்தோஷம்."

போனைப் பையில் வைத்தார். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை பைக்குள் போனது.

முன்னால் மகள் திருப்பத்தில் நின்று காத்திருந்தாள். கோலைத் தரையில் இரண்டு முறை தட்டினாள். தட்டிய கணமே அவர் ஓர் அடி உள்ளே ஒதுங்கினார். ஒரு ஸ்கூட்டர் நடைபாதையை உரசிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. மகளும் பார்க்கவில்லை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ கண்டுபிடிச்சது பரவாயில்லை. என்னிக்காவது தெரிய வேண்டியதுதான். ஆனா இன்ஜினுக்குத் தெரியக் கூடாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும். அவ என்னை நம்பித்தான் கண்ணை மூடிக்கிட்டு மிதிக்கிறா. சொல்லிடாதே, என்ன?"

அவள் தலையை அசைத்தாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. அவருடைய எந்தப் பக்கத்தில் நடப்பது என்று ஒரு கணம் தடுமாறி, பிறகு ரோட்டோரமாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

காலை எட்டு மணிக்குக் கார் வந்துவிடும். சாவி அவர் கைக்குப் போகும்.

நாளைக்கு அவளுக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட்.